உப்புக்காற்றும் ஊதும் அடுப்பும்

மரக்காணத்தில் இரும்புச் சாமான் வாங்குபவர்கள் கடலுக்கும் ஒரு பங்கு சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். புதுக் கேட்டுக்கு அடித்த பெயின்ட் அடுத்த பொங்கலுக்குள் கொப்புளம் விடும். சைக்கிள் செயின் சிவந்துபோகும். ஜன்னல் கம்பியைத் தடவினால் உள்ளங்கையில் துரு ஒட்டும். கிழக்கே வங்கக்கடல், மேற்கே கழுவெளி, நடுவில் பாத்தி பாத்தியாக உப்பளம். இந்த மூன்றுக்கும் நடுவில் வீசுகிற காற்றில் உப்பு இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இந்தக் காற்றில் வீட்டுக்குள்ளே அதிகம் அடிபடுவது அடுப்பு. கேஸ் அடுப்பின் பர்னரே இங்கே சீக்கிரம் அரித்துப்போகிறது என்றால், விசிறி, பேட்டரி, ஒயர், சல்லடைத்தட்டு என்று நாலு உறுப்பு வைத்த பெல்லட் அடுப்பின் கதி என்ன? நாலு மாதம் நன்றாக எரியும். ஐந்தாவது மாதம் புகையும். ஆறாவது மாதம் மாடிப்படிக்குக் கீழே பழைய பக்கெட்டுக்குத் துணையாகப் போய்விடும். பழைய இரும்புக்காரர் வரும்போது எடைக்குப் போடுவார்கள்.

அப்படிப் போடுகிற அடுப்புகளில் பலவற்றுக்கு வந்த நோய் அரைமணி நேரத்தில் தீரக்கூடியது. பழைய பிரஷ், ஈர்க்குச்சி, உப்புத்தாள், ஒரு ஊதுபத்தி. இவ்வளவுதான் மருந்து.

நாலு லட்சம் அடுப்புகள் எங்கே போயின?

பெல்லட் என்பது வேர்க்கடலைத் தோல், கரும்புச்சக்கை, மரத்தூள் போன்ற கழிவுகளை அரைத்து, இயந்திரத்தில் அழுத்தி, சுண்டுவிரல் கனத்துக்குத் துண்டு துண்டாக வெட்டிய எரிபொருள். விறகைப் போல ஒன்று ஈரம், ஒன்று காய்ந்தது என்ற பேச்சில்லை. எல்லாத் துண்டும் ஒரே அளவு, ஒரே மாதிரி எரியும்.

இதை வீட்டுச் சமையலுக்கு நம் நாட்டில் பெரிய அளவில் கொண்டுவந்தது 'ஊர்ஜா' அடுப்பு. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஆய்வை அடிப்படையாகக் கொண்டு, பிபி நிறுவனம் அதை 2006-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2009-ல் அந்த வியாபாரம் புனேயைச் சேர்ந்த ஃபர்ஸ்ட் எனர்ஜி நிறுவனத்தின் கைக்கு மாறியது. மொத்தம் நாலு லட்சம் அடுப்புகளுக்கு மேல் விற்றன. அடுப்பு விற்பனையில் அது சாதாரண எண்ணிக்கை இல்லை.

ஆனால் சில வருடங்களிலேயே பெரும்பாலான வீடுகளில் அது நின்றுபோனது. பெல்லட் விலை ஏறியது முதல் காரணம். பக்கத்துக் கடையில் பெல்லட் கிடைக்காமல் போனது, பேட்டரியும் விசிறியும் கெட்டால் பார்த்துக் கொடுக்க ஆள் இல்லாதது என்று மற்ற காரணங்களும் சேர்ந்துகொண்டன. நிறுவனமும் ஹோட்டல், கேட்டரிங் பக்கம் திரும்பிவிட்டது. இன்று பெல்லட் அடுப்புகளைப் பெரும்பாலும் உணவகங்களிலும் கல்யாணச் சமையலிலும் பார்க்கிறோம். சிலிண்டர் செலவுக்கு மாற்றுத் தேடுகிற வீடுகளிலும் சிறிய அடுப்புகள் இருக்கின்றன.

இதற்கு முன்பே இன்னொரு பாடம் உண்டு. 1980-களில் மத்திய அரசு 'புகையில்லா அடுப்பு' திட்டத்தை நாடு முழுக்கக் கொண்டுபோனது. கோடிக்கணக்கில் அடுப்புகள் போட்டுக் கொடுத்தார்கள். 2002-ல் திட்டம் முடிந்தபோது அவற்றில் நிறைய அடுப்புகள் பயனில் இல்லை. பல வீடுகளில் புகைக்குழாய் கரியால் அடைத்துக்கொண்டது. அதைச் சுத்தம் செய்யவேண்டும் என்று யாரும் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. புகையில்லா அடுப்பு புகைகிற அடுப்பாகி, பழைய மூன்று கல் அடுப்புக்கே திரும்பினார்கள்.

அந்தப் புகைக்கு விலை உண்டு. வீட்டுக்குள் எரிபொருள் புகையால் 2020-ல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 32 லட்சம் பேர் அகால மரணம் அடைந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அடுப்பைச் சுத்தமாக வைத்துக்கொள்வது மூச்சுக்குழாயைச் சுத்தமாக வைத்துக்கொள்வதற்குச் சமம்.

இது எப்படி எரிகிறது?

கோளாறைக் கண்டுபிடிக்க, அடுப்பு வேலை செய்யும் விதம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

உள்ளே ஒரு குவளை. அதன் அடியில் சல்லடைத்தட்டு. குவளைக்குள் பெல்லட்டை நிரப்பி, மேல்பக்கத்தில் தீ மூட்ட வேண்டும். சாதாரண விறகடுப்பில் கீழே தீ, மேலே விறகு, இதில் தலைகீழ். தீ மேலிருந்து மெல்ல மெல்லக் கீழே இறங்கும். இறங்கும்போது பெல்லட் சூடாகி வாயுவை விடும். அந்த வாயுதான் மேலே வந்து எரிகிறது.

காற்று இரண்டு வழியில் வருகிறது. விசிறியிலிருந்து கிளம்பும் காற்றில் கொஞ்சம் சல்லடைத்தட்டு வழியாக அடியிலிருந்து ஏறும். இது பெல்லட்டை வாயுவாக்குகிற காற்று. மீதி, குவளையின் மேல்விளிம்பைச் சுற்றியுள்ள சின்னச்சின்னத் துளைகள் வழியாக வரும். இது வாயுவை முழுதாக எரிக்கிற காற்று. அடிக்காற்று குறைந்தால் தீ சோரும். மேல்காற்று குறைந்தால் புகை வரும். பெல்லட் அடுப்பின் கோளாறுகளில் முக்கால்வாசி இந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிடும்.

உப்பு செய்கிற வேலை

உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவது இதனால்தான். கடலோர ஊர்களில் இரவும் விடியற்காலையும் ஈரப்பதம் அந்த அளவைச் சுலபமாகத் தாண்டும். அடுப்பின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்த உப்புத்தூள், ராத்திரியெல்லாம் ஈரத்தை இழுத்து, தகட்டின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலமாக உட்கார்ந்திருக்கும். மழையே பெய்யாத நாளிலும் அடுப்பு நனைந்துகொண்டுதான் இருக்கிறது.

எரிகிற அடுப்பில் ஈரம் நிற்காது. ஆகவே இந்தக் கடற்கரையில் பெல்லட் அடுப்பு எரியும்போது கெடுவதைவிடச் சும்மா இருக்கும்போதுதான் அதிகம் கெடுகிறது. தினமும் சமைக்கிற அடுப்பு, பண்டிகைக்கு மட்டும் எடுக்கிற அடுப்பைவிட நாள்பட உழைக்கும். "அடிக்கடி எடுத்தால் தேய்ந்துவிடும்" என்று மூலையில் வைத்துப் பொத்திக் காப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உப்பு முதலில் பிடிப்பது மூன்று இடங்களை: விசிறியின் ஒயர் சேரும் முனை, பேட்டரி சார்ஜர் செருகும் துளை, மேல்விளிம்பின் காற்றுத் துளைகள். முதல் இரண்டில் பச்சையாகக் களிம்பு ஏறும். மூன்றாவதில் துருவும் கரியும் சேர்ந்து அடைக்கும்.

என்ன அறிகுறி, என்ன கோளாறு?

*பற்றவைத்ததும் புகை, நிற்கவே இல்லை.* முதல் இரண்டு மூன்று நிமிடம் புகை வருவது இயல்பு. அதற்கு மேலும் வந்தால் முதலில் பெல்லட்டைப் பாருங்கள். ஒரு துண்டை எடுத்து ஒடித்தால் 'சடக்' என்று சத்தம் வரவேண்டும். நமுத்த முறுக்கு மாதிரி சத்தமில்லாமல் பிய்ந்தால் ஈரம் ஏறியிருக்கிறது. பெல்லட் சரியாக இருந்தால் அடுத்து மேல்துளைகள். அவையும் சரி என்றால், பெல்லட்டை அந்தத் துளைகளுக்கு மேலே வரை நிரப்பியிருக்கிறீர்களா என்று பாருங்கள். துளை வரிசைக்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்த வேண்டும். "இன்னும் ஒரு கை போட்டால் குழம்பும் முடிந்துவிடும்" என்று திணிக்கிற அந்த ஒரு கைதான் அடுக்களையைப் புகையாக்குகிறது.

*நன்றாகப் பிடித்தது, பாதியில் சோர்ந்துவிட்டது.* அடிக்காற்று போகவில்லை. சல்லடைத்தட்டில் நேற்றைய சாம்பல் இருக்கும். அல்லது மூட்டையின் அடியில் கிடந்த பெல்லட் தூளைக் கொட்டியிருப்பீர்கள். தூள், துண்டுகளுக்கு நடுவிலுள்ள சந்துகளை அடைத்துவிடும். பெல்லட்டை முறத்தில் இட்டு ஒருதரம் புடைத்துப் போட்டால் போதும்.

*தீ உயரமாக, மஞ்சளாக ஆடுகிறது, பாத்திரத்தில் கரி பிடிக்கிறது.* வாயு அதிகம், மேல்காற்று குறைவு. துளைகளில் பாதி அடைத்திருக்கும், அல்லது விசிறி மெதுவாகச் சுற்றும். பாத்திரம் அடுப்பின் வாயை அப்படியே மூடி உட்கார்ந்தாலும் இதே கதிதான். பாத்திரத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் சூடான காற்று வெளியேற இடைவெளி வேண்டும். அடுப்போடு வந்த தாங்கியைத் தொலைத்துவிட்டு நேராகப் பாத்திரம் வைக்கக்கூடாது.

*விசிறி சத்தம் வருகிறது, காற்று வரவில்லை.* இறக்கைகளில் சாம்பல் தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டியிருக்கும். சில வீடுகளில் விசிறிப் பெட்டிக்குள் கரப்பான்பூச்சி குடும்பம் நடத்துவதும் உண்டு.

*விசிறி ஓடவே இல்லை.* பேட்டரி செத்துவிட்டது என்று முடிவு கட்டிப் புதிதுக்குப் பணம் கொடுப்பதற்கு முன், ஒயர் முனையைக் கழற்றிப் பாருங்கள். களிம்பு இருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து, திரும்பப் பொருத்துங்கள். உப்பு செய்த வினையை உப்புத்தாள் தீர்ப்பது நல்ல வேடிக்கை. அதற்கும் ஓடவில்லை என்றால் எட்டு மணி நேரம் சார்ஜ் போட்டுப் பார்த்து, பிறகு கடைக்காரரிடம் போகலாம்.

*சாம்பலில் கண்ணாடி மாதிரி கட்டி.* இது கிட்டம். சாம்பல் உருகி இறுகியது. வைக்கோல், தழை கலந்து செய்த பெல்லட்டில் பொட்டாசியமும் குளோரினும் கூடுதலாக இருப்பதால் சாம்பல் சீக்கிரம் உருகும். உமி பெல்லட்டில் வேறு தொந்தரவு. உமியில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு சாம்பல்தான். அது துண்டின் வடிவம் மாறாமல் அப்படியே நின்று சல்லடையை அடைக்கும். மரத்தூள் பெல்லட்டிலும் வேர்க்கடலைத் தோல் பெல்லட்டிலும் சாம்பல் மிகக் குறைவு. திண்டிவனம் வட்டாரம் வேர்க்கடலைக்குப் பேர்போனது. மரக்காணத்துக்காரர்கள் கடலைத்தோல் பெல்லட் கிடைக்குமா என்று முதலில் விசாரிப்பது நல்லது.

ஊதுபத்திச் சோதனை

எந்தத் துளை அடைத்திருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. அடுப்பு காலியாக, முழுக்க ஆறியிருக்கும்போது விசிறியைப் போடுங்கள். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, குவளையின் உள்ளே மேல்துளைகளுக்கு எதிரே பிடித்து மெல்லச் சுற்றி வாருங்கள். காற்று வருகிற துளைக்கு எதிரே புகை உள்பக்கமாகத் தள்ளப்படும். அடைத்த துளைக்கு எதிரே புகை நேராக மேலே போகும். அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, பிறகு ஈர்க்குச்சியால் குத்தி எடுங்கள். கம்பி, ஆணி வேண்டாம். துளை பெரிதாகிவிட்டால் காற்றின் கணக்கே மாறிவிடும்.

சுத்தம்: தினம், வாரம், மாதம்

*தினமும் (இரண்டு நிமிடம்):* அடுப்பு முழுக்க ஆறியபின் கவிழ்த்துச் சாம்பலைக் கொட்டுங்கள். சல்லடைத்தட்டை ஒரு தட்டு தட்டுங்கள். வெளித்தகட்டை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, அதே மாதிரி துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டால் ஈரம் உள்ளேயே நிற்கும். கடல் பார்த்த ஜன்னலுக்குக் கீழே வைக்காமல், தரையைவிட உயரமான பலகையில் வைப்பது நல்லது.

*வாரம் ஒருமுறை (பத்து நிமிடம்):* சல்லடைத்தட்டை வெளியே எடுத்துப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் இரு பக்கமும் தேயுங்கள். மேல்துளைகளை ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெயின்ட் அடிக்கிற சின்ன பிரஷ்ஷால் விசிறியின் காற்று இழுக்கும் ஜன்னலைத் தட்டிவிடுங்கள். விசிறிப் பக்கம் ஈரத்துணி போகவே கூடாது.

*மாதம் ஒருமுறை (அரைமணி):* நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் வெளித்தகட்டைத் துடையுங்கள். இந்த இடத்தில் தண்ணீர் முக்கியம். கடலோரத்தில் பல வீட்டு போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதில் துடைத்தால் உப்பை எடுப்பதற்குப் பதில் இன்னொரு பூச்சு பூசியதாகிவிடும். குடிக்கிற தண்ணீரில் ஒரு டம்ளர் போதும். துடைத்ததும் வெயிலில் காயவைத்து, துரு தெரிகிற இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, வெளிப்புறக் கால்களிலும் அடிவிளிம்பிலும் ஒரு துளி எண்ணெய் தடவுங்கள். தீ படும் பகுதியில் எண்ணெய் வேண்டாம். ஒயர் முனைகளையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

உள்குவளை சுட்டமண் பூச்சு உள்ளதாக இருந்தால், சூடாக இருக்கும்போது அதன்மேல் தண்ணீர் பட்டாலே விரிசல்விடும். பொங்கி வழிந்த சோற்றுக் கஞ்சியும் இதில் சேர்த்தி. மயிரிழை விரிசலுக்குப் பயப்பட வேண்டாம். காசு நுழைகிற அளவு பிளந்தால், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பயர்கிளேயைக் குழைத்து அடைத்து, இரண்டு நாள் நிழலில் காயவிட்டுப் பிறகு சிறு தீயில் சுட வேண்டும்.

கடல் ஒதுக்கிய கட்டை

பெல்லட் தீர்ந்துபோன நாளில் கையில் கிடைத்ததை ஒடித்துப் போடுவது வழக்கம். வேலிகாத்தான் சுள்ளியையோ சவுக்குச் சிம்பையோ சிறிதாக நறுக்கி, நன்றாகக் காய்ந்திருந்தால் போட்டு ஒப்பேற்றலாம்; புகை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். கடல் ஒதுக்கிய கட்டையை மட்டும் இந்த அடுப்பில் போடக்கூடாது.

அந்தக் கட்டையை எரிப்பது இந்தக் கரையில் இரண்டாயிரம் வருடப் பழக்கம் என்றுகூடச் சொல்லலாம். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம் பகுதிதான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அங்கே அலை கொண்டுவந்து போட்ட வாசனை மரத்தை விறகாக்கி, கரும்புகை எழ நுளைச்சியர் தீ மூட்டியதை அந்த நூல் சொல்கிறது. திறந்த வெளியில், மண் அடுப்பில் அது சரி. கடல்நீரில் ஊறிய மரத்தில் உப்பு நிறைந்திருக்கும். எரியும்போது அந்த உப்பிலுள்ள குளோரின், அமில வாயுவாக மாறும். உடம்புக்கும் கெடுதல், அடுப்பின் தகட்டுக்கும் கெடுதல். வெளியே இருந்து உப்பு அரிப்பது போதாதென்று உள்ளே இருந்தும் அரிக்க வழி செய்தது போலாகும். உடைந்த படகுப் பலகை இன்னும் மோசம். அதில் பெயின்ட்டும் பிசினும் இருக்கும்.

தீ அணைந்த பிறகுதான் ஆபத்து

கொழுந்து அடங்கியதும் குவளையில் சிவப்பாகக் கனல் நிற்கும். புகை இருக்காது. பார்க்க அழகாக இருக்கும். அந்தக் கனல்தான் கார்பன் மோனாக்சைடை அதிகம் விடுகிறது. அதற்கு வாசனை இல்லை, நிறம் இல்லை, கண் எரியாது. தலைவலி, மயக்கம், குமட்டல் என்று வந்தால் முதலில் எல்லோரும் வெளியே வரவேண்டும், பிறகுதான் மற்றது. மழை, குளிர் என்று கதவைச் சாத்திவிட்டு, கனலோடு அடுப்பை உள்ளே வைத்துப் படுப்பது உயிருக்கு உலை வைப்பது.

கனலை இடுக்கியால் ஒரு தகர டப்பாவில் தள்ளி, இறுக்கமாக மூடி, வீட்டுக்கு வெளியே வையுங்கள். காற்றில்லாமல் அணைந்து கரியாகிவிடும். அடுத்த வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட உதவும். கொழுந்து அடங்கியதுமே விசிறியை நிறுத்திவிடாதீர்கள். காற்று நின்றால் சூடு கீழே இறங்கி விசிறியையும் பேட்டரியையும் பதம் பார்க்கும். அடிப்பகுதி தொட்டால் வெதுவெதுப்பு அடங்கும்வரை மெதுவாக ஓடட்டும். நடுவில் பெல்லட் தீர்ந்தால் மேலே கொட்டக்கூடாது. தீ அமுங்கி அடுக்களை முழுக்கப் புகையாகிவிடும். ஒரு குவளை முடிந்து, கொட்டி, மறுபடி நிரப்புவதுதான் முறை.

சாம்பலுக்குள் கனல் சில நாள் வரைகூட உயிரோடு இருக்கும். கீற்றுக் கொட்டகை, வைக்கோல் போர் பக்கம் சூடான சாம்பலைக் கொட்டி வருகிற தீ விபத்துகளைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மூடியுள்ள தகர டின்னில் சில நாள் வைத்து, முழுக்க ஆறியபின் கொட்டுங்கள். எவர்சில்வர் பாத்திரம் தேய்க்கச் சாம்பல் நல்லது. அலுமினியப் பாத்திரத்துக்கு வேண்டாம். சாம்பலின் காரம் அலுமினியத்தைத் தின்னும். ஏற்கெனவே உப்பேறிய தோட்டத்து மண்ணிலும் அள்ளிக் கொட்ட வேண்டாம்.

ஐப்பசி வருவதற்குள்

பெல்லட்டுக்குத் தண்ணீர் எமன். நல்ல பெல்லட் வழவழப்பாக மினுங்கும், தண்ணீரில் போட்டால் மூழ்கும். ஈரக்காற்றிலேயே உப்பி, பிய்ந்து, தூளாகிவிடும். சாக்கு மூட்டையில் தரையில் வைத்தால் ஒரு மழைக்குத் தாங்காது. மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு, அடியில் இரண்டு செங்கல் வைத்து, மேலே தூக்கி வையுங்கள். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுத்து உடனே மூடிவிடுங்கள். வீட்டுக்கு மூன்று மாதத்துக்கு மேல் வாங்கிச் சேர்ப்பதில் லாபமில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது விழுப்புரம் மாவட்டம் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படி வெள்ளம் சூழ்ந்து கரண்ட் இல்லாத நாளில் பேட்டரியில் ஓடும் அடுப்பு கைகொடுக்கும், சார்ஜ் இருந்தால். புயல் எச்சரிக்கை வந்ததும் செல்போனுக்குச் சார்ஜ் போடும்போதே அடுப்புக்கும் போட்டுவிடுங்கள். ஒரு வாரத்துக்கான பெல்லட்டை இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரணில் ஏற்றிவிடுங்கள். அடுப்பு நனைந்துவிட்டால், விசிறிப் பெட்டியைத் திறந்து இரண்டு மூன்று நாள் காயவைக்காமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.

கனடாவில் இருக்கும் மகளுக்கும்

குளிர்நாடுகளில் பெல்லட் அடுப்பு என்றால் சமையலுக்கில்லை, வீட்டைச் சூடேற்ற. அமெரிக்காவில் 1980-களில் பரவத் தொடங்கியது. பெல்லட்டை ஒரு திருகுத் தண்டு தானே தள்ளிவிடும், கண்ணாடிக் கதவு, புகைக்குழாய் என்று அமைப்பு பெரிது. நோய்கள் மட்டும் இதே நோய்கள்தான். எரியும் கிண்ணத்தின் துளை அடைத்தால் தீ சோரும், பெல்லட் நமுத்தால் புகையும், கண்ணாடி கறுத்தால் காற்று குறைவு என்று பொருள். அங்கே கூடுதலாக இரண்டு கட்டாயம்: வருடம் ஒருமுறை புகைக்குழாய் சுத்தம், படுக்கையறைப் பக்கம் கார்பன் மோனாக்சைடு அலாரம். வீட்டு வேக்குவம் கிளீனரால் சாம்பலை உறிஞ்சக்கூடாது. உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு கனல்துண்டு அதன் பையைக் கொளுத்திவிடும்.

யார் துடைப்பது?

உப்பளத்தில் வேலை வெயிலுக்கு முன்னால் தொடங்கிவிடும். பெண்கள் இருட்டிலேயே எழுந்து, சோறாக்கி, தூக்குப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள். அந்த நேரத்தில் அடுப்பு புகைந்தால் ரிப்பேர் பார்க்க முடியாது. பட்டினியாகப் போகவேண்டும், அல்லது புகையில் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருக்கவேண்டும். பகலெல்லாம் உப்பு வெளிச்சத்தில் கூசிய கண்ணுக்குக் காலையிலும் புகை.

ஆகவே சாம்பல் கொட்டுகிற அந்த இரண்டு நிமிட வேலை முந்தின நாள் சாயங்காலமே முடிந்திருக்கவேண்டும். அதற்கு அடுப்படியில் நிற்பவரே வரவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. பைக் செயினுக்கு எண்ணெய் விடத் தெரிந்த மகனுக்கு விசிறியைத் தட்டத் தெரியும். பேப்பர் படிக்க நேரம் இருக்கிற அப்பாவுக்கு ஈர்க்குச்சி பிடிக்கத் தெரியும். ஊதுபத்திச் சோதனையைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, பள்ளிக்கூடப் பிள்ளைகள் விளையாட்டாகவே செய்துவிடுவார்கள். சுத்தம் செய்த தேதியை அடுப்படிச் சுவரில் சாக்பீஸால் எழுதிவைத்தால், அடுத்த மாதம் யார் முறை என்ற சண்டையும் வராது.